மஞ்சளுக்குச் சட்டை, மக்களுக்குப் பட்டை நாமம்!

மருந்துக் கடையின் கண்ணாடி அலமாரியில் புதுச் சரக்கு ஒன்று ஜொலிக்கிறது. "நுண்ணுறையில் காக்கப்பட்ட மூலிகைச் சாறு! ஆண்டி-ஆக்ஸிடெண்ட் சக்தி நிறைந்தது!" என்று குப்பியின் மேல் கொட்டை எழுத்து. என்ன மூலிகை என்று பார்த்தால் மஞ்சள்! நம் வீட்டு அம்மியில் அரைபடும் அதே மஞ்சள்தான். விலையைக் கேட்டால் களையெடுக்கும் பெண்ணின் ஒரு நாள் கூலி காணாது.

இதில் விஞ்ஞானம் எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம்.

விஞ்ஞானம் மெய்யானது; அதை நாம் பழிக்கவில்லை. மஞ்சளில் நூற்றுக்கு 3 பங்கு அளவில் குர்க்குமின் என்ற சத்து இருக்கிறது. நிறம் தருவது அதுவே. வெயில் பட்டால் அது வெளுக்கும். ரத்தத்தின் காரத்தன்மையை ஒத்த வெறும் கரைசலில் விட்டால் அரை மணி நேரத்தில் நூற்றுக்கு 90 பங்கு சிதைந்துபோகும். எனவே அதற்குச் சட்டை போடுகிறார்கள். சாற்றை மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த மால்டோடெக்ஸ்ட்ரினோடும் வேலம் பிசினோடும் கலந்து, உயரமான கலத்துக்குள் புகைபோலத் தெளிக்கிறார்கள். உள்ளே சுடுகாற்று வீசுகிறது. கண்மூடித் திறப்பதற்குள் ஈரம் பறந்து, ஒவ்வொரு துளியும் உறை போட்ட துகளாக உதிர்கிறது. இந்த வித்தை முதலில் மருந்துக்கு வரவில்லை. கடைக்காரரின் ரசீதுக்கு வந்தது! 1954-ல் ஓர் அமெரிக்கக் கம்பெனி கார்பன் இல்லாமல் நகல் எடுக்கும் தாளை விற்றது. எழுதும்போது நுண்ணுறை உடைந்து மை கசியும்.

பிசின் கதையையும் கேளுங்கள். அது பெரும்பாலும் சூடான் நாட்டு ஏழைகள் மரம் கீறிச் சேர்ப்பது. 1997-ல் அமெரிக்கா சூடான் மீது வர்த்தகத் தடை போட்டது. ஆனால் பிசினுக்கு மட்டும் விலக்கு! குளிர்பானக் கம்பெனிகளுக்கு அது வேண்டுமே!

இனி வியாபாரத்துக்கு வருவோம். இரும்பு துருப்பிடிப்பது போல உடம்பும் துருப்பிடிக்கிறதாம். ஆண்டி-ஆக்ஸிடெண்ட் அதைத் தடுக்குமாம். கேட்க அழகாய்த்தான் இருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்துச் சோதித்தார்கள். காரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா-கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை தின்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்கு 18 பங்கு கூடியிருந்தது! பீடி குடிக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குர்க்குமின் சங்கதி என்ன? உறை போட்டால் ரத்தத்தில் கூடுதலாக ஏறலாம், மறுக்கவில்லை. மிளகின் சத்தைச் சேர்த்தாலே 20 மடங்கு ஏறுகிறது என்று 1998-ல் பெங்களூர் ஆராய்ச்சி காட்டியது. ஆனால் ஏறியது வேறு, நோய் தீர்ந்தது வேறு! மனிதர்களிடம் 120-க்கு மேற்பட்ட சோதனைகள் தொடங்கப்பட்டன; கறாரான முறையில் நடந்தவற்றில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று 2017-ல் ரசாயன விஞ்ஞானிகள் கணக்குப் பார்த்து எழுதினார்கள்.

கம்பெனிக்காரனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். குப்பியைத் திருப்பிப் பாருங்கள்: "மருத்துவ உபயோகத்துக்கு அல்ல". 2016-ம் ஆண்டு விதி அப்படி எழுதச் சொல்கிறது. விளம்பரத்தில் சஞ்சீவி, சட்டத்தின் முன் வெறும் உணவு! உணவு என்று பதிந்துவிட்டால் மருந்து விலைக் கட்டுப்பாடு கிட்டே வராது பாருங்கள்.

மஞ்சளை விளைவித்தவன் கதி? எட்டு ஒன்பது மாதம் மண்ணில் கிடக்கும் பயிர். வெட்டி, கிழங்கு பிரித்து, கொப்பரையில் வேகவைத்து, களத்தில் காயப்போட்டு இடுப்பொடிபவர்கள் கூலிப் பெண்கள். 2010-11-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், அடுத்த ஆண்டே 5,000-க்குக் கீழே விழுந்தது. சாறு கெடாமல் காக்க உறை கண்டவர்கள், விலை விழாமல் காக்க என்ன கண்டார்கள்?

இதே வித்தையை மக்களுக்காகத் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. 2019-21 சர்க்கார் கணக்கே இது! இரும்புச் சத்தை உப்பில் கலக்கலாம் என்றால் அது அயோடினைக் கெடுக்கும். உப்பின் நிறமும் மாறும். கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தார் இரும்புத் துகளுக்கு உறை போட்டார்கள். இரும்பும் அயோடினும் ஒரே உப்பில் சண்டையில்லாமல் தங்கின. அதே உறைதான் தோழர்களே!

குப்பிக்குக் கூலியை அழாதீர்கள். மஞ்சளும் மிளகும் குழம்பிலேயே கிடக்கட்டும். உணவு என்று பெயர் சூட்டி மருந்தாக விளம்பரம் செய்யும் சரக்குக்கு விலைக் கட்டுப்பாடு வேண்டும். மஞ்சளுக்குக் கட்டுப்படியாகும் ஆதார விலை வேண்டும். இரும்பு ஏறிய உப்பு எல்லா ரேஷன் கடைகளிலும் ஏழைக்கு எட்டும் விலையில் வேண்டும். கிராமசபையிலும் ஆலை வாசல் கூட்டத்திலும் இம்மூன்றையும் தீர்மானமாகப் போடுவோம்.