கப்பல் தாமதமும் சங்கத்தின் ஒப்பந்தமும்

வெளிநாட்டு வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும்போது, 2024-ஆம் ஆண்டு முதல் ஒரே விதமான குறிப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. சரக்குத் தாமதமாகச் சேர்ந்தமையால் வாங்குவோர் தள்ளுபடி கேட்டனர், அது ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதே அக்குறிப்பு. தள்ளுபடி என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிட்ட இத்தொகை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று தேடினால், ஒரு சங்கத்தில் அங்கத்தினர்களின் போனஸ் குறைந்திருக்கிறது. மற்றொன்றில் நூல் கொள்முதல் தள்ளிவைக்கப்பட்டு, தறிகள் சில வாரங்கள் சும்மா கிடந்திருக்கின்றன. நெசவாளி குறித்த நாளில் துணியை அறுத்துக் கொடுத்துவிட்டார். சங்கமும் குறித்த நாளில் சரக்கைத் துறைமுகத்தில் சேர்த்துவிட்டது. கடலில் நேர்ந்த தாமதத்துக்குத் தறிக்குழியில் இருப்பவர் அபராதம் கட்டுவது நியாயமன்று. அதற்குக் காரணம் கடல் என்று நிர்வாகஸ்தர்கள் சொல்கிறார்கள். பாதிக் காரணம் அவர்கள் கையெழுத்திட்ட காகிதத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கடலில் நடந்தது இதுதான். 2023 நவம்பர் 19-ஆம் தேதி 'காலக்ஸி லீடர்' என்னும் கப்பலை ஏமன் நாட்டு ஹூதிகள் செங்கடலில் கைப்பற்றினர். அதைத் தொடர்ந்த தாக்குதல்களால், அவ்வாண்டு டிசம்பரிலேயே பெரிய கப்பல் கம்பெனிகள் சூயெஸ் கால்வாய் வழியைக் கைவிட்டு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தலைப்பட்டன. இச்சுற்று வழியால் ஆசியாவுக்கும் வட ஐரோப்பாவுக்கும் இடையே ஏறக்குறைய 10 முதல் 14 நாட்கள் கூடுகின்றன. 2025 ஜூலையிலும் அக்கடலில் இரண்டு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன.

இது முன்பின் நடவாத சம்பவமும் அன்று. 1956 இறுதியிலிருந்து 1957 ஏப்ரல் வரை சூயெஸ் மூடிக் கிடந்தது. 1967 ஜூனில் மூடப்பட்ட கால்வாய், சரியாக எட்டு ஆண்டுகள் கழித்து, 1975 ஜூனில்தான் திறந்தது. அந்த எட்டு ஆண்டுகளும் உலக வியாபாரம் ஆப்பிரிக்காவைச் சுற்றியே நடந்தது. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளமுள்ள 'எவர் கிவன்' என்ற ஒரே கப்பல் குறுக்கே சிக்கிக்கொண்டு, ஆறு நாட்கள் கால்வாயை அடைத்தது. மேற்கே பனாமா கால்வாயிலோ, 2023-இல் மழையின்மையால் ஏரியில் நீர் வற்றி, நாளொன்றுக்குச் செல்லும் கப்பல்களின் எண்ணிக்கையையே குறைக்க நேர்ந்தது. ஏரியில் தண்ணீர் இல்லையென்றால் கப்பலும் நிற்கும் என்பது நம் ஆயக்கட்டு விவசாயிகளுக்கு விளக்க வேண்டிய விஷயமல்ல. ஆகவே வழி தடைப்படுவதை எதிர்பாராத விபத்து என்று இனியும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்க இயலாது.

தூத்துக்குடியிலிருந்து போகும் நம் சரக்குக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அங்கிருந்து பெட்டிகளில் பல சிறு கப்பலில் கொழும்புக்குச் சென்று, அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றப்படுகின்றன. பெரிய கப்பல் வரும் நாள் தவறினால் பெட்டி கொழும்பில் காத்துக் கிடக்கும். 2024-இல் கொழும்புத் துறைமுகத்தில் நெரிசல் மிகுந்தபோது இவ்வாறே நேர்ந்தது.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். நம் சங்கங்கள் பெரும்பாலும் எப்.ஓ.பி. என்ற விதியில் விற்கின்றன. சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு விற்பவருடையது, ஏறியபின் வாங்குபவருடையது என்பதே இதன் பொருள். கப்பலை ஏற்பாடு செய்வதும் கட்டணம் கொடுப்பதும் வாங்குபவரே. அப்படியானால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதற்குச் சங்கம் ஏன் தள்ளுபடி கொடுக்க வேண்டும்? கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்குபவர் அனுப்பும் அச்சடித்த ஆர்டர் படிவத்தில், மேலே எப்.ஓ.பி. என்றிருக்கும், கீழே பொடி எழுத்தில் சரக்கு இன்ன தேதிக்குள் தங்கள் கிடங்கில் வந்து சேர வேண்டும் என்றிருக்கும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண். முதல் வரியைப் பார்த்து விலையைக் கணக்கிட்டுவிட்டு, இரண்டாவது வரியைப் படியாமல் கையெழுத்திடுகிறார்கள். அந்த இரண்டாவது வரிதான் போனஸைத் தின்றது.

இதிலும் நுட்பமான சங்கடம் ஒன்றுண்டு. பெட்டியில் அடைத்த சரக்கைச் சங்கம் கிடங்கிலோ முனையத்திலோ ஒப்படைத்துவிடுகிறது. கப்பல் பத்து நாள் கழித்து வரும். எப்.ஓ.பி. விதிப்படி அந்தப் பத்து நாளும் சரக்கு சங்கத்தின் பொறுப்பிலேயே இருக்கிறது. பெட்டிச் சரக்குக்கு எப்.சி.ஏ. என்ற விதியே பொருத்தமானது என்று, இவ்விதிகளை வகுக்கும் சர்வதேச வர்த்தக சபையே கூறுகிறது. அதில் கப்பல்காரரிடம் ஒப்படைத்த கணமே பொறுப்பு மாறிவிடும். பாங்கி கேட்கும், கப்பலில் ஏற்றியதற்கான சீட்டைப் பெறவும் 2020-ஆம் ஆண்டு விதிகளில் வழி செய்யப்பட்டிருக்கிறது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சில டைரக்டர்கள் ஆறுதலடைகிறார்கள். தாமதத்தால் வரும் நஷ்டத்துக்குச் சாதாரணக் கடல் இன்ஷூரன்ஸ் ஈடு கொடாது. 1963-ஆம் ஆண்டின் கடல் இன்ஷூரன்ஸ் சட்டமும், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தாலன்றி, தாமதத்தை விலக்கியே வைத்திருக்கிறது. யுத்த அபாயத்துக்குத் தனியே பிரீமியம் கட்ட வேண்டும். ஈ.சி.ஜி.சி. பாலிசி வாங்குபவர் பணம் தராமற்போவதற்கானதே தவிர, சரக்குக்கானதன்று. 'எவர் கிவன்' விஷயத்தில் பொது நஷ்டப் பங்கீடு என்ற பழைய கடல் வழக்கமும் உயிர்பெற்றது. கப்பலை மீட்ட செலவில், அதில் சரக்கு வைத்திருந்த அனைவரும் பங்கேற்க வேண்டும். அதற்கு ஜாமீன் தந்தாலன்றிச் சரக்கு விடுவிக்கப்படாது.

சட்டதிட்டங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கப்பல்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு ஐரோப்பிய யூனியன் 2024 முதல் கட்டணம் விதித்திருக்கிறது. கப்பல் கம்பெனி அதைக் கூலியோடு சேர்த்து வசூலித்துவிடும். ஐரோப்பாவுக்கு அனுப்பும் சரக்கை வெறுமனே 'ஜவுளி' என்று எழுதினால் போதாது, ஆறு இலக்கச் சுங்க எண்ணும் தெளிவான விவரமும் கப்பலேற்றுமுன் தர வேண்டும். இது சங்கத்தின் எழுத்தர் ஒரு நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. ஆயினும் கற்பிப்பார் இல்லை. 2025 ஆகஸ்டு 27-இல் அமெரிக்கா இந்தியச் சரக்கின்மேல் கூடுதல் வரி விதித்தபோது, அன்றைக்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே சுங்கத்தில் பதிவான சரக்குக்கு மட்டும் விலக்களித்தது. ஏறிய தேதி, சேர்ந்த தேதி இரண்டும் அப்போது பணமாயின. சுற்று வழியில் போன பெட்டிக்கு அந்த மூன்று வாரம் எம்மாத்திரம்!

பயிர் செய்வோர் இது துணிக்காரர் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2024 மார்ச்சில் செங்கடலில் மூழ்கிய 'ரூபிமார்' கப்பலில் இருந்தது ஏறக்குறைய 21,000 டன் உரம். மொராக்கோவின் டி.ஏ.பி.யும் ஜோர்டானின் பொட்டாஷும் நம் நாட்டுக்கு வரும் நேர்வழி அந்தக் கடலே. பருவத்துக்கு முன்பே இண்டெண்ட் கொடுத்து இருப்பு வைக்கும் வழக்கத்தைக் கைவிட்ட விவசாயச் சங்கங்கள் அதை மீண்டும் கைக்கொள்ளுதல் நலம்.

நிபந்தனை பேசினால் ஆர்டர் கைநழுவிப் போய்விடும் என்று காரியதரிசிகள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யன்று. தனித்த ஒரு சங்கம் வெளிநாட்டுப் பெரிய கடையோடு வழக்காட முடியாது. ஆனால் கரூர், சென்னிமலை, பவானி வட்டாரச் சங்கங்கள் ஒரே மாதிரிப் படிவத்தை ஏற்று, எல்லாரும் அதையே நீட்டினால் நிலைமை வேறு. நூல் கொள்முதலில் ஒன்றுசேர்ந்தவர்களுக்குக் காகிதத்தில் ஒன்றுசேர்வது அத்தனை அரிதா? அதுவும் முடியாத இடத்தில், தாமத நாட்களை விலையிலேனும் சேர்க்க வேண்டும். பத்து லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 12 சதவீத வட்டியென்றால், ஒரு மாதத் தாமதத்தின் விலை பதினாயிரம் ரூபாய். விலை நிர்ணயக் குறிப்புகளில் இந்தப் பதினாயிரத்துக்கு ஒரு வரியும் கண்டதில்லை. ஏற்றுமதிப் பணம் வந்துசேர வேண்டிய கெடுவை 2025 நவம்பரில் ரிசர்வ் பாங்கி 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டியது. நெசவாளியின் வீட்டு அடுப்புக்கு அத்தகைய நீட்டிப்பு எதுவும் கிடையாது.

ஏற்றுமதி இலாபத்தில் ஒரு பகுதியைத் தாமத ஒதுக்காகத் தனிக்கணக்கில் வைத்து, பணம் வரும்வரை கூலியும் நூலும் தடைபடாமல் அதிலிருந்து கொடுத்துவருவதற்குப் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர் எவரும் எழுந்து, சென்ற ஆண்டின் ஆர்டர் படிவம் ஒன்றைச் சபையில் முழுதும் தமிழில் படித்துக் காட்டுமாறு தலைவரைக் கேட்கலாம். பொடி எழுத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.