அந்தப் போட்டோவில் இருந்த நாய்



போன கிழமை நாரங்கல உச்சியில் எடுத்த போட்டோ ஒன்றைப் போட்டிருந்தேன். எங்கள் நாலு பேருடைய பேக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு செம்மண் நிற நாய் படுத்திருக்கும். வந்த கொமன்ட்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "பிள்ளைகளுக்கும் இதைத்தானா சேர் படிச்சுக் குடுக்கிறீங்க?" என்று ஒருவர். "எந்த முஸ்லிம் நாயோட மலை ஏறுறான்?" என்று இன்னொருவர். இன்பொக்ஸில் வந்ததை விடுகிறேன்.

எந்த முஸ்லிம் என்றால், காஷ்மீரில் பக்கர்வால் என்று ஓர் இடையர் சமூகம் இருக்கிறது. முஸ்லிம்கள். குளிர்காலம் முடிய ஜம்முப் பக்கத்துத் தாழ்நிலங்களில் இருந்து ஆடு, குதிரை, பிள்ளை குட்டிகளோடு நடக்கத் தொடங்கி, மலை கடந்து மேலே உள்ள புல்வெளிகளுக்குப் போவார்கள். ஹர்முக் மலையடியில் கங்காபல் ஏரி இருப்பது 3,500 மீற்றருக்கும் மேலே. நம்முடைய பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். அப்படிப்பட்ட ஏரிக்கரைகளில் கோடையைக் கழித்துவிட்டு, செப்டெம்பர், ஒக்டோபரில் குளிர் இறங்கும்போது திரும்பி நடப்பார்கள். போகும்போதும் வரும்போதும் நாய் கூடவே. கரடியும் சிறுத்தையும் உள்ள மலையில் மந்தைக்குக் காவல் அதுதான். அந்த நாய் இனத்துக்கே பக்கர்வால் என்றுதான் பெயர்.

காஷ்மீர் வரைக்கும் போகவும் தேவையில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஸூரத்துல் கஹ்ஃப் ஓதுகிறோமே. குகைவாசிகள் எத்தனை பேர் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்: மூன்று பேர், ஐந்து பேர், ஏழு பேர். எந்தக் கணக்கிலும் நாய் விடுபடவில்லை. நாலாவது அவர்களின் நாய், ஆறாவது அவர்களின் நாய், எட்டாவது அவர்களின் நாய். ஈமானுக்காக ஊரை விட்டுப் போன இளைஞர்களின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த பிராணியை அல்லாஹ் தன் வேதத்தில் சொல்லிக் காட்டுகிறான்.

நாயை வீட்டு சோபாவில் ஏற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. நாம் ஷாபிஈ மத்ஹபில் உள்ளவர்கள். ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. காய்ந்தது காய்ந்ததில் பட்டால் அதுவும் இல்லை என்றுதான் எனக்கு மத்ரஸாவில் ஓதித் தந்த ஹஸரத் சொன்னார். அது சுத்தத்துக்கான சட்டம். கல்லெறிவதற்கான சட்டம் எந்தக் கிதாபில் இருக்கிறது? தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்த ஹதீஸை பயானில் கேட்டுவிட்டு, வெளியே வந்து கல் பொறுக்குகிற சின்னப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துச் சிரிக்கிற பெரியவர்களையும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். அத்தனை கொமன்ட்களில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: அந்த நாய் இப்போது எங்கே?

ஒக்டோபரில் பின்நேரம் இடி மழை என்பதால் விடியவே ஏறத் தொடங்கினோம். கடைசி லயத்தைத் தாண்டும்போது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. மாரி பிஸ்கட் போட்டது நான்தான். உச்சி வரைக்கும் வந்தது. இரவு மழையில் கூடாரத்துக்கு வெளியே சுருண்டு கிடந்தது. காலையில் வந்த வழியால் இறங்காமல், பஸ்ஸுக்கு லேசு என்று மறுபக்கத்தால் இறங்கினோம். அதுவும் வந்தது. நாங்கள் பஸ்ஸில் ஏறினோம். கொஞ்ச தூரம் பின்னால் ஓடி வந்தது. அன்றிரவு நான் போட்டோ போட்டேன்.

மூன்று நாளைக்குப் பிறகு, என்னிடம் படித்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியிடம் இருந்து மெசேஜ் வந்தது. "சேர், அது எங்க மணி. இன்னும் வீட்டுக்கு வரல. அம்மா ரெண்டு நாளா மலைக்கு மேல தேடுறாங்க."

கொழுந்து பறித்துவிட்டு வந்து, மாலையில் மலையேறித் தேடியிருக்கிறார் அந்த அம்மா. நாய் மலையின் அந்தப் பக்கம் நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி ஒருவரோடு போனேன். அல்ஹம்துலில்லாஹ், பஸ் ஏறிய இடத்துக்குக் கிட்டவே ஒரு கடைக்கார ஐயா சோறு போட்டு வைத்திருந்தார். ஒரு காலைத் தூக்கித் தூக்கி நடந்தது. த்ரீவீலர்காரர் முதலில் மாட்டேன் என்றார், பிறகு சாக்கு விரித்து ஏற்றிக்கொண்டார். லயத்தில் அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "வெளியாளுங்க பிஸ்கட் போட்டா இது போயிரும் சேர், இதோட தாயும் அப்படிப் போனதுதான், வரவே இல்ல" என்றார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடிக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஏழு தரம் கழுவினேன்.

டிசம்பரில் நாரங்கலைக்கும் நமுனுகுலைக்கும் போகப் பேசிக்கொண்டிருக்கிற தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன். லயத்தடியில் நாய் பின்னால் வந்தால் கல்லெறியவும் வேண்டாம், பிஸ்கட் போடவும் வேண்டாம். யாருடையது என்று கேட்டு, கட்டிவைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். அப்படியும் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டால், பஸ் லேசோ இல்லையோ, ஏறிய பாதையாலேயே இறங்குங்கள்.