கர்ப்பிணியின் தட்டில் கைவைக்காதீர்கள்

2017 யோகா தினத்தை ஒட்டி ஆயுஷ் அமைச்சகத்தின் பெயரில் வந்த தாய்–சேய் நலக் கையேட்டைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. ஆசையை விடு, கோபத்தை விடு, காமத்தை விடு, கெட்ட சகவாசம் வேண்டாம், படுக்கையறையில் அழகான படங்களை மாட்டு என்று கர்ப்பிணிகளுக்கு உபதேசம் செய்கிறது அது. இதையெல்லாம் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். படம் மாட்டத் தனிப் படுக்கையறை எத்தனை வீடுகளில் இருக்கிறது என்ற கேள்வியைக்கூட விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்றுதான்: அசைவம் வேண்டாம், முட்டையும் வேண்டாம் என்ற அறிவுரை.

கண்டனம் கிளம்பியதும் விளக்கம் வந்தது. இது கட்டாயம் இல்லையாம், வெறும் ஆலோசனையாம். நம் கிராமங்களில் அரசு முத்திரையுடன் வரும் ஆலோசனை என்ன ஆகும் என்று இவர்களுக்குத் தெரியாதா? தட்டில் முட்டை வைக்க மனமில்லாத மாமியாருக்கும், வாங்கிவரக் கணக்குப் பார்க்கும் கணவனுக்கும் அது அத்தாட்சிப் பத்திரம். ‘கவர்மென்ட்டே சொல்லிருச்சு’ என்ற ஒரு வார்த்தைக்கு எதிராக எந்த மருமகள் வாய் திறப்பாள்?

2015–16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்த நாட்டின் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு ரத்தசோகை. பிரசவத்தின்போது ஏற்படும் உதிரப்போக்கை மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் இடத்தில், ரத்தசோகை உள்ள பெண் உயிரை விடுகிறாள். கீரையிலும் பருப்பிலும் இரும்புச்சத்து உண்டு. ஆனால் இறைச்சியில் இருப்பதைப்போல அது உடம்பில் சுலபமாக ஒட்டாது. இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறதே என்பார்கள். குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று அதைப் பாதிப் பட்டையோடு கூரையில் செருகி வைக்கும் வீடுகளைக் கிராமச் சுகாதாரச் செவிலியர்களைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள்.

இதில் பாரம்பரியத்தின் பெயரையும் இழுக்கிறார்கள். யாருடைய பாரம்பரியம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கறிக்கடையில் போய் நின்று பாருங்கள். வீட்டில் பிள்ளை மாசமாக இருக்கிறது என்று சொன்னால், கடைக்காரர் ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியை வேறு யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்திருப்பார். அதைச் சுட்டோ, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கியோ கொடுத்தால் ரத்தம் ஊறும் என்பது பாட்டிகளின் வைத்தியம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பூண்டு தட்டிப் போட்ட பால்சுறாப் புட்டு, உடம்பு தேற ஆட்டுக்கால் சூப். மருத்துவச்சிகள் காலங்காலமாகச் சொல்லிவந்த பத்தியம் இதுதான். ஏட்டு வைத்தியமும் இவர்களுக்குத் துணை நிற்கவில்லை. சரக சம்ஹிதையில் இறைச்சி வகைகளின் குணங்களை விவரிக்க ஒரு பகுதியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பத்துக்கு ஏழு பேர் அசைவம் உண்ணும் நாட்டில், மிச்சம் மூன்று பேரில் சிலருடைய வீட்டுப் பழக்கத்தை எடுத்து, அதற்கு மருத்துவம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

கிராமத்து நம்பிக்கை எல்லாமே நல்லது என்று நாம் சொல்லவில்லை. சீம்பாலைக் கறந்து கொட்டுவது, பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது, தொக்கம் எடுக்கிறேன் என்று பச்சைக் குழந்தையின் தொண்டைக்குள் விரலை விடுவது எல்லாம் கேடுதான். வயிற்றுப் பிள்ளை பெருத்துவிட்டால் பிரசவம் சிக்கலாகும் என்று கடைசி மாதங்களில் சோற்றைக் குறைப்பது இவை எல்லாவற்றையும்விடக் கொடுமை. இவற்றோடு வாசல் வாசலாக மல்லுக்கு நிற்கும் செவிலியருக்குக் கைகொடுக்க வேண்டிய அரசு, புதிதாக ஒரு ‘ஆகாது’ பட்டியலை அச்சடித்து அனுப்புகிறது.

கர்ப்பிணிகளின் தட்டில் இவர்கள் கைவைப்பது இது முதல் தடவையும் அல்ல. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்று எழுதிவைத்தது. ஆண்டுக் கணக்கில் அது காகிதத்தில் கிடந்தது. 2016 டிசம்பர் 31 இரவு, செல்லாத நோட்டுச் சூட்டைத் தணிக்க அந்த வாக்குறுதியைத் தூசிதட்டித் தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். 2017 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அது 5,000 ஆகியிருந்தது. அதுவும் முதல் குழந்தைக்கு மட்டும், அதுவும் மூன்று தவணையில். இரண்டாவது குழந்தையைச் சுமப்பவளுக்குப் பசிக்காது என்று எந்தச் சாஸ்திரம் சொல்கிறதோ! முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் தமிழ்நாடு 2011 முதல் 12,000 ரூபாய் கொடுத்து வந்ததாவது இவர்கள் காதில் விழுந்ததா?

முட்டைக்கும் இவர்களுக்கும் உள்ள பகை பழையது. 2015-இல் மத்தியப் பிரதேசத்தில் பழங்குடியினர் அதிகமுள்ள மாவட்டங்களின் அங்கன்வாடிகளில் சோதனையாக முட்டை தரலாம் என்று யோசனை வந்தது. எடையில்லாமல் மெலிந்து கிடக்கும் குழந்தைகள் நிறைந்த மாநிலம் அது. மேலிருந்து ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார்கள். இங்கே தமிழ்நாட்டில் சத்துணவில் 1989-இல் முட்டை சேர்ந்தது. அதைச் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போன பெண்கள் இன்று பிள்ளை பெறுகிறார்கள். எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளவில்லை. சைவமே போதும் என்கிறவர்கள் அந்தச் சைவத்தையாவது தந்தார்களா? அதே 2015-இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது கூலிக்காரப் பெண்களுக்குப் புரதம் பற்றி யாரும் கையேடு போடவில்லை.

கையேட்டைத் திரும்பப் பெறுங்கள். அடுத்ததை எழுதுவதற்கு முன் செவிலியர்களையும், நாலு பிரசவம் பார்த்த கிழவிகளையும், ரத்தசோகையோடு வருகிற பெண்களைத் தினமும் பார்க்கும் மருத்துவர்களையும் ஓர் அறையில் உட்காரவைத்துக் கேளுங்கள். ரேஷன் கடை மூலமோ அங்கன்வாடி மூலமோ, முட்டையும் பருப்பும் அந்தப் பெண்ணின் தட்டுக்கு வந்து சேர ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். எப்படி என்று யோசிப்பதற்குத்தானே இத்தனை துறைகளும் இத்தனை அதிகாரிகளும். அதுவும் ஆகாது என்றால், கறிக்கடைக்காரர் எடுத்துவைத்துக் கொடுப்பதையாவது தடுக்காமல் இருங்கள்.