மெத்தையை வெயில்ல போடுங்கப்பா!

போன மாசம் தர்மபுரியில அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப ஒரு கூத்து பார்த்தேன். டை கட்டின ஒரு தம்பி வாக்குவம் கிளீனரை வச்சு மெத்தையை உறிஞ்சிக்கிட்டு இருந்தார். ரெண்டு நிமிஷம் கழிச்சு மெஷினுக்குள்ள இருந்து ஒரு கருப்புத் துணியை எடுத்துக் காட்டினார். வெள்ளையா மாவு மாதிரி தூள். "பாத்தீங்களா மேடம், இவ்வளவும் பூச்சி. இது மேலதான் உங்க பையன் தினமும் படுக்கிறான்." அக்காவுக்கு முகமே செத்துப்போச்சு. பையனுக்கு ஆறு வயசுல இருந்து வீசிங். தவணையில வாங்கிடலாமான்னு என்னைப் பார்க்குறா.

அய்யா, அது பூச்சி இல்லை. பெரும்பாலும் நம்ம உடம்புல உதிர்ற தோல் செதிலும் துணி நூலும்தான். தூசிப்பூச்சிங்கிறது ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்குதான் இருக்கும். எட்டு காலு, சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம். உயிரோட இருக்கிறது நூலைக் கெட்டியா பிடிச்சுக்கும், உறிஞ்சினா லேசுல வராது. ஃபில்டர் மட்டமா இருந்தா தூசியைப் பின்பக்கமா ஊதி அறை முழுக்கப் பரப்பி விடுறதுதான் மிச்சம்.

விக்கிறவர் பொழப்பு அது, விடுங்க. எனக்குக் கோவம் வீட்டுக்காரங்க மேலதான். இந்தப் பையனுக்கு என்னென்ன தடைன்னு கேளுங்க. தயிர் கூடாது. வாழைப்பழம் கூடாது. தெருவுல விளையாடக் கூடாது, மண்ணு தூசி. ஒகேனக்கல் போனா எல்லாரும் குளிப்பாங்க, இவன் மட்டும் கரையில துண்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இவ்வளவும் பார்த்துப் பார்த்து செஞ்சுட்டு, ராத்திரி இவனைப் படுக்க வைக்கிறது எதுல? அக்கா கல்யாணத்துக்கு வாங்கின இலவம்பஞ்சு தலையணையில! பன்னெண்டு வருஷமா உறை மட்டும்தான் மாறியிருக்கு. ராத்திரி எட்டு மணி நேரம் மூக்கு அதுல புதைஞ்சு கிடக்கு. பழி வாழைப்பழத்துக்கு.

தெருப் புழுதியும் வீட்டுத் தூசியும் ஒண்ணு இல்லை. இதை 1964லயே ஹாலந்துல லெய்டன் ஊர்ல வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழு சொல்லிட்டாங்க. வீட்டுத் தூசியில அலர்ஜி கிளப்புறதுல முக்கியமானது இந்தப் பூச்சின்னு. கடிக்காது, ரத்தம் குடிக்காது. அதோட எச்சத்துல இருக்கிற புரதம்தான் வில்லன். இந்த எச்சம் கொஞ்சம் கனம், கிளப்பி விட்டாலும் கொஞ்ச நேரத்துல கீழே படிஞ்சிடும். அதனால மூலையில ஏர் ப்யூரிஃபையர் ஓட விட்டுட்டு பழைய தலையணையிலயே படுக்கிறது, வாசலைப் பூட்டிட்டு திருடனோட படுக்கிற கதைதான்.

இதுக்குத் தண்ணி குடிக்க வாய் கிடையாதுன்னே வச்சுக்கோங்க, காத்துல இருக்கிற ஈரத்தைத்தான் உடம்பு வழியா இழுத்துக்கும். ஈரம் பாதிக்குக் கீழே ரொம்ப நாள் இருந்தா காஞ்சு செத்துப்போகும். நம்ம ஊரு சித்திரை வெயிலை விட இதுக்கு என்ன பெரிய எதிரி வேணும்? 1994ல ஆஸ்திரேலியாவுல கம்பளத்தை நேரா வெயில்ல போட்டுப் பார்த்து, மைட் எல்லாம் செத்துப்போச்சுன்னு எழுதினாங்க. எங்க அப்பத்தா வெள்ளிக்கிழமை ஆனா பாயையும் தலகாணியையும் களத்துல போட்டு, சாயங்காலம் கம்பால நாலு அடி அடிச்சுத்தான் உள்ளே எடுக்கும். இப்ப மெத்தை எட்டு இஞ்சு கனம், தூக்க ரெண்டு ஆள் வேணும். வாங்கும்போது போட்ட பிளாஸ்டிக் உறையையும் சில வீட்டுல கிழிக்கல (அது ஒருவகையில நல்லதுதான், சிரிக்காதீங்க).

வெயில் மட்டும் போதும்னு நான் சொல்லல. பூச்சி சாகும், எச்சம் அப்படியே கிடக்கும். அதுக்குத்தான் வெளியில வச்சு அடிக்கிறதும் துவைக்கிறதும். அந்தப் புரதம் தண்ணியில கரையும், பச்சைத் தண்ணியில அலசினாலே பெரும்பகுதி போயிடும். பூச்சியும் சாகணும்னா 55 டிகிரிக்கு மேல வெந்நீர் வேணும். வாரம் ஒருக்கா போர்வை, உறை, அவ்வளவுதான். அடிக்கிறப்பவும் பெருக்குறப்பவும் பையன் பக்கத்துல நிக்கக் கூடாது. தரையை ஈரத்துணியால துடைங்க.

இதனால வீசிங் ஓடியே போயிடும்னு சொல்றவனையும் நம்பாதீங்க. 2008ல காக்ரேன் ஆய்வு 54 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, மைட்டைக் குறைக்கிற முறைகளால ஆஸ்துமாவுக்குப் பலன் தெரியலன்னு சொல்லிச்சு. 2017ல இங்கிலாந்துல மைட் அலர்ஜி உறுதியான 284 குழந்தைகளுக்குச் செஞ்ச சோதனையில, மைட் நுழையாத உறை போட்ட பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினது குறைஞ்சுது. உண்மையான உறை போட்டவங்கள்ல 29 சதவீதம், சும்மா உறை போட்டவங்கள்ல 42. ஆக, முதல்ல பையனுக்கு மைட் அலர்ஜிதானான்னு தோல்ல குத்திப் பார்க்கிற டெஸ்ட் எடுக்கணும். இன்ஹேலரை டாக்டர் சொல்லாம நிறுத்தவே கூடாது. "பழகிடும்"னு அதை பீரோவுல ஒளிச்சு வைக்கிற பாட்டிமாரும் எங்க வீட்டுல உண்டு.

மெஷின்காரத் தம்பிக்கு மோர் கொடுத்து அனுப்பி வச்சோம். பழைய தலையணையைத் தூக்கிப் போடுன்னு அக்காகிட்ட சொன்னேன். "டேய், அது எங்க மாமியார் கையால பஞ்சு அடைச்சதுடா"ன்னா. அரை மணி நேரம் சண்டை. கடைசியில துவைக்கிற மாதிரி புதுத் தலையணை ஒண்ணு அவனுக்கு வந்துச்சு, பழசு பரண் மேல போயிடுச்சு. மெத்தையை மொட்டை மாடிக்குத் தூக்க மாமா வந்து ஒரு கை பிடிக்கணுமாம். ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். மூணு ஞாயிறு ஆச்சு.