கருவிகள் பிழைத்தன, தொழில் பிழைக்கவில்லை

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த லாங் தீவின் கீழ்க்கோடியில் ஈஸ்ட் ஹாம்ப்டன் என்னும் ஊர் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே டோமினி என்ற தச்சர் குடும்பத்தினர் புகழுடன் வாழ்ந்தனர். தந்தை, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையினர் மேசை, நாற்காலி, பெட்டகம், நெடுங்கடிகாரம் ஆகியவற்றைத் தம் கையாலேயே செய்து வந்தனர். நகரத்துச் சிற்ப அலங்காரம் அவர்கள் வேலையில் குறைவு. உறுதியும் அளவின் அழகும் மிகுதி.

அவர்களை வாழவைத்தவர் யார்? அக்கம்பக்கத்துக் குடியானவர்களும் நிலக்கிழார்களுமே. அண்டைத் தீவொன்றின் உரிமையாளரான ஜான் லயன் கார்டினர், நகரத்துக் கடைகளை நாடும் வசதி படைத்தவராயிருந்தும், டோமினிகளிடம் சாமான்கள் செய்வித்துக்கொண்டார். அவருடைய தீவில் 1795-இல் எழுந்த காற்றாலையும் அக்குடும்பத்து நத்தானியேல் டோமினி கட்டியதே. பெரிய வேலை இல்லாத நாட்களில் உடைந்த சாமான்களைச் செப்பனிடவும் அவர்கள் நாணியதில்லை.

பிறகு காலம் மாறிற்று. கனெக்டிகட்டில் ஈலை டெர்ரி என்பவர் 1806-இல் 4,000 மரக் கடிகாரப் பொறிகள் செய்துதர ஒப்புக்கொண்டு, நீர்விசை இயந்திரத்தின் துணையால் சில ஆண்டுகளில் முடித்தார். எளியோர் வீட்டிலும் கடிகாரம் ஒலித்தது. அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால், கைத்தொழிலாளியை ஆதரிக்க வல்லவர்களும் மலிவையே நாடினால் அவன் எங்ஙனம் பிழைப்பான்? கடிகாரத் தொழிலில் தேர்ந்த பேரன் பெலிக்ஸ் டோமினி, 1830-களில் ஊரைவிட்டு அகன்று கலங்கரை விளக்கக் காவலரானார். அவரிடம் திறமை குறையவில்லை, வாங்குவோர்தாம் குறைந்தனர்.

இன்று அவர்களுடைய இழைப்புளிகளும் உளிகளும் கணக்கேடுகளும் டெலவேர் மாநிலத்து வின்டர்தூர் அருங்காட்சியகத்தில் போற்றிக் காக்கப்படுகின்றன. ஆயிரத்துக்கு மேற்பட்ட கருவிகள்! காண்போர் வியக்கின்றனர். அப்பணியை நாமும் பாராட்டுகிறோம். ஆயினும், கருவியைக் காப்பதற்கு ஒரு கட்டடம் போதும். கைத்திறனைக் காப்பதற்கோ தொடர்ந்து வேலை வேண்டும். தொழிலாளி மறைந்தபின் அவன் உளிக்குச் செய்யும் மரியாதையில் ஒரு பங்கை, அவன் உயிரோடிருக்கையில் அவன் செய்த பொருளை வாங்குவதில் காட்டுவதே முறை. வசதியுடையோர் இதனைத் தருமமாகக் கருத வேண்டியதில்லை. நல்ல பொருளுக்கு நியாய விலை என்று கருதினாலே போதும் என்பது எம் கருத்து.