நம் வீட்டுச் சுவர்கள் கைகோத்து நிற்கின்றனவா?



எங்காவது நிலநடுக்கம் என்று செய்தி வந்தால் நம்மிடையே இரண்டு பேச்சுகள் எழுகின்றன. ஒன்று, "இது கடவுள் கொடுத்த தண்டனை." மற்றொன்று, "நம்ம ஊருக்கு அதெல்லாம் வராது." இவ்விரண்டையும் இன்று சிந்தித்துப் பார்ப்போம்.

முதல் பேச்சுக்கு இயேசுவே விடை தந்துவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்கிறார் (லூக் 13:4-5). இறந்தவர்களைக் குறை சொல்லாமல், கேட்டுக்கொண்டிருந்தவர்களையே மனம் மாற அழைக்கிறார்.

இரண்டாவது பேச்சுக்கு வரலாறு விடை தருகிறது. 1993 செப்டம்பர் 30 அன்று மராட்டிய மாநிலத்தின் கில்லாரி பகுதியில் நிலம் அதிர்ந்து 7,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றைய வரைபடத்தில் அது ஆபத்து மிகக் குறைந்த மண்டலம்! நமக்கு அருகிலும், 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியில் 6 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. 2002இல் திருத்தப்பட்ட வரைபடம் சேலத்தை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. 2018 ஜூலையில் சேலம், தருமபுரி மக்கள் சிறு அதிர்வை உணர்ந்தனர். அஞ்சி நடுங்கத் தேவையில்லை. ஆனால் அசட்டையாக இருக்கவும் முடியாது.

நிலநடுக்கத்தில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பவை இடிந்து விழும் சுவரும் கூரையுமே. ஒரு புத்தகத்தை மேசைமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். நீளவாக்கில் தள்ளினால் எளிதில் விழாது. அட்டைப் பக்கமாகத் தள்ளினால் உடனே சாய்ந்துவிடும். சுவரும் அப்படியே. நான்கு சுவர்களும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு பெட்டியைப் போல் நின்றால், ஒரு சுவர் சாயும்போது அடுத்த சுவர் தாங்கிக்கொள்ளும்.

இதை அறிஞர்கள் சோதித்தே சொல்கிறார்கள். ரூர்க்கியில் தண்டவாளத்து வேகன் மேடைமீது சிறிய செங்கல் வீடுகளைக் கட்டி, வேறு வேகன்களை மோதவிட்டுப் பார்த்தார்கள். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்திலும் இத்தகைய சோதனைகளுக்கான அதிர்வு மேசை உண்டு. கில்லாரியிலேயே ஒரு சாட்சி நின்றது. பெரும்பாலான வீடுகள் இடிந்த அவ்வூரில், சுவர் முழுவதையும் சுற்றி லிண்டல் பெல்ட் போட்டிருந்த ஒரு கட்டடம் ஏறக்குறையச் சேதமின்றித் தப்பியது.

நம் சேலம், நாமக்கல் பகுதியில் சேம்பர் செங்கல்லிலோ ஹாலோ பிளாக்கிலோ கட்டப்படும் சிறு வீடுகள் பலவற்றில், கதவு சன்னலுக்கு மேலே மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போடுகிறோம். அதையே எல்லாச் சுவர்களையும் சுற்றி ஒரே பெல்ட்டாக ஓட்ட வேண்டும். மூலையில் கம்பி வளைந்து அடுத்த சுவருக்குள் போக வேண்டும். அஸ்திவாரம் முதல் கூரைவரை மூலைகளில் நிமிர்ந்த கம்பி வேண்டும். கதவு, சன்னல் மூலையை ஒட்டி வரக் கூடாது. இதற்குக் கூடுதலாக ஆவது கொஞ்சம் கம்பியும் கான்கிரீட்டும்தான். கடன் வாங்கிக் கட்டும் ஏழைக்கு அதுவும் பாரம்தான். ஆனால் சுவர் விழுந்தால் முதலில் இறப்பதும் அந்த ஏழைக் குடும்பமே. எனவே இது நீதி சார்ந்த கேள்வியும்கூட.

வீடு கட்டி முடித்தபின் மந்திரிக்கக் குருவை அழைக்கிறோம், நல்லது. லிண்டல் மட்டம் வரும்போதே கொத்தனாரிடம் "பெல்ட் சுற்றி வருகிறதா?" என்று கேட்போம். அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுவோம். நம் பங்குகளில் எழும் பள்ளிகளும் மறைக்கல்வி அறைகளும் முதலில் முன்மாதிரி ஆகட்டும்.

பாறைமீது வீடு கட்டியவரை ஆண்டவர் அறிவாளி என்றார் (மத் 7:24). அந்த அறிவு நம் செபத்திலும் இருக்கட்டும், சுவரிலும் இருக்கட்டும்.