தொண்டை கரிக்கும் எண்ணெய்

என் அண்ணன் மகன் மணவூரிலிருந்து தினம் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் வந்து உட்கார்ந்தான்.

"சித்தப்பா, வேலையை விட்டுவிடப் போகிறேன். ஸ்பெயினிலிருந்து ஆலிவ் எண்ணெய் தருவிக்கப் போகிறேன். சின்ன அளவில்தான்."

முதல்? அண்ணியின் வளையல்கள்! சிறுதொழில் வகுப்பு நடத்தும் மகானுபாவர் ஒருவர் உபதேசம் செய்திருக்கிறார்: இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கு, உணவுப் பாதுகாப்பு உரிமம் எடு, சரக்கைத் துறைமுகத்தில் இறக்கு, மற்றதை 'இருதயத்துக்கு நல்லது' என்ற இரண்டு வார்த்தைகள் பார்த்துக்கொள்ளும்.

இந்த உபதேசத்தைத்தான் நான் கண்டிக்கிறேன்.

அந்நியச் சரக்கு என்பதற்காக அல்ல. எங்கள் பக்கத்து மேட்டு நிலங்களில் விளைகிறதே வேர்க்கடலை, அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆனால் வந்த கடலையை நாம் விதைத்தோம், செக்கிலிட்டு ஆட்டினோம், நாக்கில் வைத்துப் பழகினோம். இன்று எங்கள் தெருக் கிழவி ஒருத்தி முகர்ந்து பார்த்தே, "இது கலப்படம், வேண்டாம்" என்று செக்குக்காரனைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அந்தக் கிழவியின் மூக்குத்தான் நாணயமான செக்குக்காரனுக்குக் காவல். ஆலிவ் எண்ணெய்க்கு நம்மிடம் அப்படி ஒரு மூக்கு உண்டா?

மருந்துக் கடையில் சின்னத் தகர டப்பாவில் வாங்கிக் குழந்தைக்குத் தேய்த்ததுதான் நம்மில் பலருக்கும் அதனோடு பழக்கம். அதில் பல தரம் உண்டென்று யார் கண்டார்கள்? பழத்தை அரைத்து எடுத்த முதல் தரத்தில் அமிலம் நூற்றுக்கு 0.8 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. ருசி பார்க்கப் பயின்றவர்கள் குழுவாக உட்கார்ந்து, குறை இல்லை என்று சொல்லவும் வேண்டும். கடைசித் தரமோ, பிழிந்த சக்கையிலிருந்து ரசாயனத் திரவம் விட்டு எடுத்துச் சுத்திகரித்து, கொஞ்சம் நல்லெண்ணத்துக்காக நல்ல எண்ணெய் கலந்தது. சீசாவில் 'போமஸ்' என்று போட்டிருப்பார்கள். நம் பாஷையில் சொன்னால் புண்ணாக்கு எண்ணெய்! இரண்டின் பெயரிலும் 'ஆலிவ்' இருக்கிறது; நமக்கு அது போதும்.

நானும் யோக்கியன் அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவர் முதல் தர எண்ணெய் ஒரு சீசா கொடுத்தார். பச்சிலை வாசனை, விழுங்கினால் தொண்டை கரித்தது. "கெட்டுப் போய்விட்டது" என்றாள் என் மனைவி. "ஆமாம்" என்று நானும் தலையாட்டினேன். எண்ணெய் விளக்குக்குப் போயிற்று. பிறகுதான் படித்தேன்: அந்தக் கரிப்புத்தான் நல்ல எண்ணெயின் அடையாளம். அதற்குக் காரணமான பொருள் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து போல வேலை செய்கிறதென்று 2005-ல் விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். சுத்திகரித்தால் அந்தக் கரிப்பு போய்விடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அண்ணன் மகன் நல்ல சரக்கைக் கொண்டுவந்தால் என்னைப் போன்றவர்கள் திருப்பிக் கொடுப்போம். சக்கை எண்ணெய் வாசனையும் இல்லாமல் கரிப்பும் இல்லாமல் சாதுவாக இருக்கும். அதில் அப்பளம் பொரித்து, இருதயத்தைக் காப்பாற்றிவிட்டதாக மகிழ்வோம். யோக்கியன் நஷ்டப்பட்டுச் சாமர்த்தியசாலி பிழைக்கிற வியாபாரத்துக்கு ஒரு பையனை அனுப்புவதா முன்னேற்றம்?

"ஜனங்களுக்கு ருசியைக் கற்றுக்கொடுத்தால் போகிறது, சித்தப்பா" என்றான்.

கற்றுக்கொடுக்கலாம். பெரிய கம்பெனி பத்து வருஷம் விளம்பரம் செய்து காத்திருக்கும். அடகுக் கடை வட்டி காத்திருக்காது. எண்ணெயும் காத்திருக்காது, அது பழச்சாறு போல, வெளிச்சமும் வெயிலும் பட்டால் கெடும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் எத்தனை மாதம் தாங்கும்? கடைசியில் கடனை அடைக்க அவனே சக்கை எண்ணெயைத் தருவிப்பான். சீசாவில் பெரிய எழுத்தில் 'ஆலிவ்', பொடி எழுத்தில் 'போமஸ்'. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சீசாவைத் தன் தாயாரிடமே அவன் கொடுக்கமாட்டான்.

அவனுக்கு நான் சொன்னது இதுதான்: முதலில் சென்னையில் நல்ல சீசா ஒன்று வாங்கி வா. தெருவில் இருபது வீட்டுக்குக் கரண்டி கரண்டியாகக் கொடு. "கரிக்கும், அதுதான் நல்லது" என்று உண்மையைச் சொல். பத்து வீட்டார் காசு கொடுத்து இரண்டாம் சீசா கேட்டால், வளையலைக் கழற்றித் தரச் சொல்லி அண்ணியிடம் நானே பேசுகிறேன்.

அதுவரை அவை அவள் கையிலேயே இருக்கட்டும்.